நாளுக்கு முந்நூறு பெட்டி

"வாரத்துக்கு ஒரே தடவையா ஆயிரத்து எண்ணூறு பெட்டியையும் இறக்கிட்டா வேலை முடிஞ்சுது. தினமும் எதுக்குய்யா ஒரு வண்டி?"

சோப்புத் தொழிற்சாலையின் மேலாளர், பொறுப்பேற்ற நான்காம் நாளிலேயே, கிடங்கின் இருப்புப் பதிவேட்டைக் கையில் ஏந்தியவாறு வினவினார்.

கிடங்குப் பொறுப்பாளனின் முகம் வெளிறியது. சோப்புகளை அடுக்குவதற்கான அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து நிற்கும் அந்த வண்டி, இனி வாரத்திற்கு ஒரு முறைதான் வரும் என்பதை அவனால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

"அத்தனையையும் எங்க சார் வைக்கிறது? என் தலையிலயா?"

"மாடி காலியாத்தானே கிடக்கு?"

"மாடி ஒழுகுது சார். அட்டை ஈரத்தைக் குடிச்சா நொதநொதன்னு ஆயிடும்."

"மேல ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடேன்."

"மூடினா எலி உள்ள புகுந்து குடும்பமே நடத்தும் சார்."

மேலாளர் தம்மையும் மீறிச் சிரித்துவிட்டார். எனினும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"சரி, ஒருநாள் வண்டி வரலேன்னா? ஆளுங்க சோப்பைக் கையில வச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"ரெண்டு நாளைக்கு வேண்டிய பெட்டி எப்பவும் கையிருப்புல இருக்கு சார். அதுக்கு மேல வாங்கிக் குவிச்சா ஆபத்து. போன மாசம் திடீர்னு பெட்டியோட படத்தை மாத்தினாங்க. கையிருப்பை ரெண்டு நாள்ல தீர்த்ததுபோக நம்மகிட்ட பழசு நாப்பதுதான் மிச்சம். ஆயிரம் இருந்திருந்தா அத்தனையும் குப்பைக்குத்தான் போயிருக்கும்."

மேலாளர் பதிவேட்டை மூடினார்.

"நீ பேசுற பேச்சுக்கு என் நாற்காலியில உன்னைத்தான் உட்கார வைக்கணும். போ, தினமும் வரட்டும்!"

அவ்வேளையில் வண்டி வாயிலினுள் நுழைந்தது. காக்கிச் சட்டை அணிந்த பெண் ஓட்டுநர் கீழே குதித்து, பின்கதவைப் படாரெனத் திறந்தாள்.

"என்ன ஸ்டோர்காரரே, இன்னைக்கும் எண்ணி முடிக்க அரை மணி நேரமா?"

"நேத்து நாலு குறைஞ்சுது. உங்களை நம்பி கையெழுத்துப் போட முடியாதும்மா."

"பெட்டி குறையல. உங்களுக்கு எண்ணத்தான் தெரியல!"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. இறக்குங்க முதல்ல."

மேலாளர் திகைத்தார். இப்படிப்பட்டவளிடம் நாள்தோறும் வாங்கிக் கட்டிக்கொள்பவனா தினமும் வண்டி வேண்டுமென்று இவ்வளவு நேரம் வாதாடினான்? தன் நிம்மதியைவிடத் தொழிற்சாலையின் நலனைப் பெரிதாகக் கருதும் ஊழியன் ஒருவன் தமக்குக் கிடைத்திருக்கிறான் என்ற மனநிறைவுடன் அவர் தம் அறைக்குத் திரும்பினார்.

அவருடைய காலடியோசை ஓய்ந்ததும், இருவரும் பெட்டி அடுக்கின் மறைவில் அருகருகே அமர்ந்தனர்.

"வாரத்துக்கு ஒரு தடவைதான்னு ஆகியிருக்கும். எப்படியோ பேசித் தடுத்துட்டேன்," என்றான் அவன்.

"அப்பாடா!" என்று அவன் தோளில் சாய்ந்தாள் அவள். "நீ வேலை முடிஞ்சு வரும்போது நான் தூங்கிடுறேன். விடியுமுன்னே நான் கிளம்பும்போது நீ தூங்குறே. லீவும் ஆளுக்கொரு நாள். கல்யாணமாகி ஆறு மாசத்துல, என் புருஷன் முழிச்சிருக்கிறதை நான் பாக்கிறதே இந்த அரை மணி நேரம்தானே!"