உள்ளங்கையில் பதினேழு

அந்தப் பெண் இறங்க வேண்டிய ஸ்டேஷன் பின்னால் போய் ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது. ரயில் பெட்டி உதவியாளர் அவள் தூங்கும் பதினேழாம் பெர்த்துக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். எழுப்ப வேண்டியவர்களின் பெர்த் எண்ணை அவர் எப்போதும் உள்ளங்கையில்தான் எழுதிக்கொள்வார். நடுவில் கழிவறைக் குழாய் அடைத்துக்கொண்டது. சரிசெய்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். பதினேழும் அதோடு போயிற்று. நீல விளக்கு அவள் முகத்தில் ஆடுகிறது. "மூணு நாளா தூக்கமில்லண்ணே, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன். ஆறு மணிக்குப் பொண்ணுக்கு ஆபரேஷன். உள்ள போறதுக்கு முன்னாடி என் முகத்தப் பாக்கணுங்கிறா" என்று ஏறும்போதே சொல்லியிருந்தாள். அடுத்த நிறுத்தமே ஐந்தரைக்குத்தான். அங்கிருந்து திரும்பும் வண்டி எட்டுக்கு. அவர் இடுப்புச் சாவிக்கொத்து கம்பியில் பட்டுச் சிணுங்க, அவள் விழித்துக்கொள்கிறாள். பதறி எழுந்து, போர்வையை நாலாய் மடித்து அவரிடம் நீட்டுகிறாள். பைக்குள் துழாவிச் சீப்பை எடுத்து அவசரமாகத் தலை வாரிக்கொள்கிறாள். "இப்படியே போய் நின்னா, பேய்னு பயந்துடுவா" என்று சிரிக்கிறாள். "நல்லவேளைண்ணே, நீங்க எழுப்பலன்னா தாண்டியே போயிருப்பேன்." போர்வையை வாங்கிய கைகள் அப்படியே நிற்கின்றன. "தாண்டிடுச்சும்மா" என்கிறார்.