கீழே இறங்க ஒரு குதிரை

“அத்தே, கீழே இறங்க ஒரு குதிரை வேணும்,” என்றான் ஷெர்பா வழிகாட்டி ஃபுர்பா. எவரெஸ்ட் பாதையில் விடுதி நடத்தும் அத்தையின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

“கூட வந்த ஜெர்மன்காரிக்குத் தலைவலியா, வாந்தியா?”

“ரெண்டும்.”

“இந்த உயரத்துல காத்து கம்மி. ரத்தம் பழக நாலு நாள் ஆகும், மெதுவா ஏறுன்னு நீ சொல்லலையா?”

“சொன்னேன்.”

“கேக்காம ஓடி வந்திருப்பா. சமவெளி உடம்பு!”

அத்தை சிரித்தாள். ஃபுர்பாவுக்கு முகம் சுண்டிப்போனது.

குதிரை வந்தது. ஜெர்மன்காரி இரண்டு மூட்டைகளையும் தானே சுமந்து வந்து, ஃபுர்பாவைக் கைத்தாங்கலாகச் சேணத்தில் ஏற்றினாள். எட்டு வருஷம் கத்தாரில் வேலை பார்த்துவிட்டுப் போன வாரம்தான் அவன் ஊர் திரும்பியிருந்தான்.

தெருவே வேடிக்கை பார்த்தது. அத்தை அவன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டாள்.

“வாயைத் தொறக்காம போ. வெள்ளைக்காரன்னு நினைச்சுக்குவாங்க.”