இரண்டாவது 'ஈ'

குருநகரில் கணினியில் கடிதம் அடித்துக்கொடுக்கும் கடை வைத்திருந்த சுபாசுக்கு, ஜெயனி மேல் இரண்டு வருடமாக ஒரு விருப்பம். சொல்லத்தான் வாய் வரவில்லை. அன்று அவளே கடைக்கு வந்தாள்.

"விசாவுக்குக் கடிதம் ஒண்டு வேணும். கனடாவிலை இருக்கிறவர் கேட்டவர். ஃபியான்சே எண்டு போடவேணுமாம்."

கலியாணம் நிச்சயமான ஆளைக் குறிக்கும் சொல் அது. ஜெயனிக்குத்தான் நிச்சயமாகிவிட்டது என்று சுபாஸ் எண்ணிக்கொண்டான்.

"அவரின்ரை பேர்?"

"பிரகாஸ்."

கடிதத்தை அடித்துக் கொடுத்தான். ஜெயனி வாசித்துப் பார்த்தாள்.

"கடைசியிலை இங்கிலீசு 'ஈ' ஒண்டுதானே கிடக்கு. ரெண்டெல்லோ வரவேணும்?"

"உது பிரெஞ்சுச் சொல். பொம்பிளையெண்டால்தான் ரெண்டு. பிரகாஸ் ஆம்பிளையெல்லோ, ஒண்டு காணும்."

"அவர் கூப்பிடுறவர். போறது அவருக்குப் பேசின கொழும்புத்துறைப் பொம்பிளை."

"அப்ப நீங்கள் போகேல்லையோ?"

"நான் என்னத்துக்கு? பிரகாஸ் என்ரை அண்ணை."

சுபாஸ் இரண்டாவது 'ஈ'யை அடித்தான். அடித்த வேகத்தில் ஏழெட்டு விழுந்தன. ஜெயனி சிரித்தாள்.

"எனக்குத்தான் இன்னும் ஒற்றை 'ஈ'க்காரர் ஒருத்தரும் அமையேல்லை."

"நான் ஒருத்தன் இருக்கிறன்," என்றான் சுபாஸ், கணினித் திரையைப் பார்த்தபடி.