மிதியடி மேல் பச்சோந்தி

இரண்டு நாய்கள் இருக்கிற வீட்டில் யாராவது பச்சோந்தி வளர்ப்பார்களா? அந்த வீட்டம்மா வளர்த்தாள். வலைக்கூண்டுக்குள் இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டு, 'அப்பாடா, இன்றைக்கும் நாய்கள் கண்ணில் படவில்லை' என்று பச்சோந்தி தினமும் பெருமூச்சு விடும்.

ஒருநாள் கூண்டுக்கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை. ஜன்னல் வெயிலுக்கு ஆசைப்பட்டுப் பச்சோந்தி கீழே இறங்கியது. பாதி வழியில் நாய் நகங்கள் தரையில் கீறும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், பக்கத்தில் கிடந்த மிதியடியில் ஏறி, அதே பழுப்பு நிறமாகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டது.

உருளை என்ற குண்டு நாய் நேராக அதன் முன்னால் வந்து, வீடே அதிரக் குரைத்தது.

'தொலைந்தேன்' என்று பச்சோந்தி ஒரு கண்ணை மூடியது. இன்னொரு கண் மூட மறுத்தது.

துணி வாளியோடு கீழே பார்க்காமல் வந்த வீட்டம்மா, தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள். "ஐயோ, இங்கேயா கிடக்கிறே!" என்று அதைத் தூக்கிக் கூண்டில் விட்டாள்.

"என்னை எப்படிக் கண்டுபிடிச்சே?" கூண்டருகே வந்த உருளையிடம் கேட்டது பச்சோந்தி.

"நீ வந்த அன்னிக்கே உன் வாசனை எனக்கு அத்துப்படி."

"அப்புறம் ஏன் இன்னிக்கு என்னைப் பார்த்துக் குரைச்சே?"

"உன்னையா? அந்தக் காலைப் பார்த்துல்ல குரைச்சேன்!"

மறுநாள் பச்சை இலைகளுக்கு நடுவே பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் உட்கார்ந்திருந்தது பச்சோந்தி.

"எப்படி இருக்கேன்?"

"நிறமெல்லாம் எனக்குப் பிடிபடாது," என்றது உருளை, கூண்டடியில் சுருண்டு படுத்தபடி. "ஆனா, அந்தப் பயந்த வாசனை போயிடுச்சு."