வலது கையால் மட்டும்

இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

வலது கையால் மட்டும் ஆட ஆரம்பித்தான்.

திரையில் கார் இரண்டாவது வளைவிலேயே சுவரில் மோதியது. மறுபடி. மறுபடியும் அதே சுவர்.

கைக்கு அடக்கமான பழைய வீடியோ கேம். சாம்பல் நிறம். மூலையில் நீளமாய் ஒரு கீறல். அம்புக்குறிப் பட்டன்கள் இடப்பக்கம், மற்றவை வலப்பக்கம். யாரோ இரண்டு கைகளாலும் ஓயாமல் அழுத்தியதில் எழுத்துகள் தேய்ந்திருந்தன.

ரிச்சி தெருவின் அந்தக் கடையில் ஒருவர் நிற்கத்தான் இடம். கடைக்காரர் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இன்னா தம்பி, இன்னொரு கைக்கு லீவு வுட்டாச்சா?"

அவன் சிரிக்கவில்லை.

"தங்கச்சிக்கு பாய். டயாலிசிஸ். ஊசி போட்டுட்டா இடது கைய அசைக்கக் கூடாது. நாலு மணி நேரம்."

பாய் எட்டி, கேமின் சத்தத்தைக் குறைத்தார்.

செவ்வாயும் வெள்ளியும். ஏழு மாதமாக.

போனைத் திறந்தால் தோழிகளின் கல்லூரிப் படங்கள் வருகின்றன. தங்கை சுகிர்தா அதைக் கவிழ்த்தே வைக்கிறாள். அவளுடைய ரத்தம் மட்டும் குழாய் வழியே வெளியே போய், எதையோ பார்த்துவிட்டுத் திரும்புகிறது. அவள் அங்கேயே கிடக்கிறாள்.

இந்தச் செவ்வாய், வீடு திரும்பும் ஆட்டோவில் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை நான் வரலண்ணா."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

நாளை வெள்ளி.

"குடு இப்டி."

பாய் வாங்கி மேசைமேல் படுக்க வைத்தார். தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வேறு கேசட் போட்டார். விமானம் கிளம்பிய வேகத்தில் வெடித்தது.

"செத்தேன்."

இன்னொன்று. அதிலும் செத்தார். வெளியே ஒருவர் சார்ஜர் கேட்டு நின்றார். "இருப்பா, வேலையா இருக்கேன்ல" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான்காவது கேசட்டில் ஒரு ஏரி வந்தது.

பச்சைப் படகு. தூண்டில். தண்ணீரில் ஒரு சிவப்புத் தக்கை. ஒரு பட்டனை அழுத்தினால் தூண்டில் விழுகிறது. அப்புறம் காத்திருக்க வேண்டும். அதுவும் காத்திருக்கிறது. தாமதமானால் யாரும் சாவதில்லை.

பாய் அதை அவன் பக்கம் தள்ளினார்.

ஒரே விரல் போதுமாயிருந்தது. தக்கை அசைந்தது. அழுத்தினான். ஒரு சின்ன மீன்.

"நாலு மணி நேரம் பேட்டரி தாங்குமா பாய்?"

"மூணு தாங்கும். நாலுன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். பழசுப்பா இது. நடுவுல சார்ஜ் போட்டுக்கோயேன்."

"அங்க பிளக்கெல்லாம் மெஷினுக்குத்தான்."

இருவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் மணி நேரம் தூங்குவதுபோல் நடிப்பாள். இரண்டாவதில் கடிகாரத்தைப் பார்ப்பாள். மூன்றாவதில் எதையும் பார்க்க மாட்டாள். நான்காவதில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையால் கட்டிலோரம் துழாவுவாள்.

"மூணு போதும்" என்றான்.

பாய் நம்பாமல் பார்த்தார்.

"கடசி ஒரு மணி நேரம் பாப்பா இன்னா பண்ணும்?"

அவன் பையிலிருந்து இடது கையை வெளியே எடுத்தான். கேமை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினான்.

இடது புறங்கையில் நான்கு நகத் தழும்புகள். செவ்வாய்க்கிழமையுடையவை. இன்னும் ஆறவில்லை.