ஒரு சாண் கம்பி

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். 1998 தேர்தலுக்கு அன்று மாலைதான் கெடு. சரோஜினி நகர் அரசு ஊழியர் குவார்ட்டர்ஸில் மாணிக்கவாசகம், மாமனார் விட்டுப்போன பழைய துப்பாக்கியைத் துடைக்க எடுத்தார். குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற ரகம். குழலுக்குள் கம்பியை விட்டார். முழுசாக இறங்க வேண்டிய கம்பி ஒரு சாண் வெளியே நின்றது. மனைவியைக் கூப்பிட்டார்.

"இளவரசி! உள்ளே குண்டு இருக்கு. இப்படியே கொண்டுபோனா லைசென்ஸோட என் வேலையும் போயிடும்!"

"விளையாடாதீங்க. அப்பா ஆயுசுக்கும் சுட்டது ஒரே ஒரு மான். அதுவும் நான் பொறக்கறதுக்கு முன்னாடி. அப்புறம் யாரு கெட்டிச்சா?"

தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்தார். கம்பி நுனியில் திருகாணியை மாட்டித் திருகி இழுத்தார். ஈயக் குண்டு வந்தது. எதிலோ பட்டுச் சப்பையாகியிருந்தது. அதில் செம்பட்டை முடி, காயாத ரத்தம்.

"டெட்டால் போட்டுத் துடைங்க, ஜல்தி!" என்றாள் இளவரசி.

அதற்குள் கீழ்வீட்டு பல்லா ஆன்ட்டி இளவரசியைக் கூப்பிட்டு ஹிந்தியில் கத்தினாள். "பாபிஜி! உங்க ஆடா இது? என் கொத்தமல்லி பூராவும் காலி!"

மாணிக்கவாசகம் துப்பாக்கியோடு இறங்கினார். அது ஆடு இல்லை, புள்ளிமான். விலாவில் சின்னதாக ஒரு துளை. மென்றுகொண்டே அவரைப் பார்த்தது. ஸ்டேஷனுக்கு நேரமாகிறது என்று தெரிந்த மாதிரி, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது.