அறுநூற்றுக்கு மேல்

முதலில் வெள்ளைத் தரையின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி.

பிறகு ஊதல். பிறகு மார்புக்கூட்டுக்குள் அதிர்வு.

பாராசூட் விரிந்தது. நீளமான நீல வண்டி வேகம் குறைந்து, உருண்டு, அவன் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் வந்து நின்றது.

அவன் மூச்சை விட்டான்.

கட்ச் உப்புப் பாலைவனத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கண் கூசியது.

கோவை பீளமேட்டுப் பட்டறையில் ஆறு வருடமாக அவன் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து கட்டிய வண்டி. பின்பாதி முழுக்க, ஒரு பழைய பயிற்சி விமானத்திலிருந்து கழற்றிய ஜெட் எஞ்சின். அதற்கு முன்னால், உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குப் பின்னால், அவன் மனைவி சுகந்தி.

பதினெட்டு வயதிலிருந்து பந்தயம் ஓட்டுகிறவள். இந்த வண்டியை வேறு யார் ஓட்டுவது என்ற பேச்சே வீட்டில் எழுந்ததில்லை.

வாக்கிடாக்கியில் நேரக்காப்பாளரின் குரல் வந்தது.

மணிக்கு ஐந்நூற்று எண்பது கிலோமீட்டர்.

மெக்கானிக் முஸ்தபா உதட்டைப் பிதுக்கினார். போக ஒருமுறை, வர ஒருமுறை, இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள். சராசரி அறுநூற்றைத் தாண்டினால்தான் தேசிய சாதனை. இனி திரும்பிப் போகும்போது அறுநூற்று இருபதுக்கு மேல் வேண்டும்.

மூடி திறந்தது. சுகந்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இறங்கவில்லை. முஸ்தபா எரிபொருள் குழாயோடு பின்பக்கம் போகும்வரை பேசாமல் இருந்தாள்.

"ஏனுங்க, பெடலுக்கு அடியில என்ன வெச்சிருக்கீங்க?"

அவன் பாராசூட்டைப் பார்த்தான்.

"முக்காலுக்கு மேல போக மாட்டேங்குது. எஞ்சினு இன்னும் போலாம், இன்னும் போலாம்ங்குது. என்னுங்க அது?"

"அலுமினியக் கட்டை."

"எப்ப வெச்சீங்க?"

"காத்தால. நீ பல்லு வெளக்கிட்டு இருந்தப்ப."

திட்டப்போகிறாள் என்று நினைத்தான். அவள் சிரித்தாள். முஸ்தபா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

கணக்கின்படி எழுநூறு வரை வண்டியின் மூக்கு காற்றில் எழும்பிக் கவிழாது. காற்றுச் சுரங்கத்தில் சிறிய மாதிரியை வைத்துப் பார்த்தபோதும் எழும்பவில்லை. கணக்கு சரி.

ஆனால் கணக்குப் போட்டபோது உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"மூக்கு துளிகூடத் தூக்கலைங்க. டவுன் பஸ்சுல போற மாதிரி இருந்துச்சு. நீங்க வரைஞ்ச வண்டி. உங்களுக்கே நம்பிக்கை இல்லீனா எப்படிங்க?"

"வண்டி மேல இருக்குது, அம்மிணி."

"அப்பறம்?"

அவன் மூடிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்தான்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கால்களை மடக்கி ஒதுக்கிக்கொண்டாள்.

"கழட்டுங்க."

முஸ்தபாவிடம் சொல்லியிருந்தால் இதற்குள் கழன்றிருக்கும். அவள் அவரைக் கூப்பிடவில்லை.

அவன் ஸ்பேனரோடு தலைகீழாக உள்ளே குனிந்தான். எண்ணெய் வாசனை. சூடு. முதல் போல்ட் உடனே வந்தது. இரண்டாவதில் ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வழுக்கியது.

முதுகில் அவள் கை வந்து படிந்தது. அவசரப்படுத்தவில்லை. சும்மா இருந்தது.

போல்ட் கழன்றது.

நிமிர்ந்து, அவளுடைய வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். ஏற்கெனவே இறுக்கமாக இருந்தவற்றை இன்னொரு முறை இழுத்தான்.

"மூச்சு விடணுமுங்க நானு," என்றாள்.

அவனே மூடியைச் சாத்தினான்.

வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். எஞ்சின் முனகியது. முனகல் அலறலாகியது. வாலுக்குப் பின்னால் காற்று நீர்போல நெளிந்தது.

போய்விட்டது.

நீல வண்டி நீலக் கோடாகி, புள்ளியாகி, பிறகு வெறும் வெள்ளையாகிவிட்டது.

சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, அதுவும் போயிற்று.

அவன் உப்பைப் பார்த்தான். ஷூ முனையைப் பார்த்தான். வாக்கிடாக்கி கரகரத்தது. நின்றது. மறுபடி கரகரத்தது.

அறுநூற்று நாற்பத்தொன்று.

முஸ்தபா தொப்பியைத் தூக்கி எறிந்தார். "அடிச்சுட்டோம்ங்க! அடிச்சுட்டோம்!"

"நின்னுருச்சா?" என்றான் அவன்.

"எதுங்க?"

"வண்டி. வண்டி நின்னுருச்சான்னு கேளுங்க மொதல்ல."

முஸ்தபா கேட்டார். பதில் வந்தது. நின்றுவிட்டது. மேடம் டீ கேட்கிறார்.

அவன் உப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகுதான் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை.

ஜீப்பில் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, சுகந்தி வண்டியின் நிழலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கும்மாளம். நேரக்காப்பாளரை நாலு பேர் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். டம்ளரை நீட்டினாள். வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"எப்படி இருந்துச்சு?"

சொல்ல வாயெடுத்தாள். கையை அசைத்துப் பார்த்தாள். விட்டுவிட்டாள்.

"சொன்னா வராதுங்க."

பிறகு, கொஞ்சம் கழித்து, "அடுத்த வண்டியில ரெண்டு சீட்டு வெப்பீங்களா?"

கார் எண்பதைத் தொட்டாலே மேல்கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறவன் அவன். பொருட்காட்சி ராட்டினத்தில்கூட ஏறியதில்லை. தொந்தி வேறு.

டம்ளரை வைத்துவிட்டு, உப்பின் மேல் விரலால் வரையத் தொடங்கினான். மூக்கு. எஞ்சின். வால். நடுவில் அவளுக்கு ஒரு வட்டம்.

விரல் அந்த வட்டத்தைச் சுற்றிச் சிறிது நேரம் அலைந்தது.

"பக்கத்துல வெச்சா அகலமாயிரும்," என்றான். "பின்னாலதான் வெக்கணும்."

இரண்டாவது வட்டத்தைப் போட்டான்.

அழித்துவிட்டு, கொஞ்சம் பெரிதாகப் போட்டான்.